பைரவருக்கு வயிறு சரியில்லை

1.

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் மலை அருளியது, நிலவு ஊட்டியது என்று கிளப்பிவிட வேண்டாம். ஷேர் ஆட்டோவில் கிடைத்தது.

செங்கம் ரோட்டில் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். மடியில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இந்த ஊரில் ஒரு டப்பாவை அப்படிப் பிடித்தால் அதற்குள் என்ன இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பக்கத்திலிருந்த வெளியூர் அம்மா கையை நீட்டி, “பிரசாதமாம்மா? எனக்கும் துளி குடேன்” என்றார்.

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாய்ப் பீங்க” என்றாள்.

அதோடு சரி. கால்நடை மருத்துவமனை அருகே இறங்கிப் போய்விட்டாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த அம்மா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. நாயைப் பார்த்ததில்லை. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. கட்டக் காரணம் புகழேந்தி என்ற பத்திரிகை ஆசிரியர். பௌர்ணமிச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டிருந்தார். “உங்க ஊரே கதைதானே மேடம். மலை, நிலா, ஒரு சித்தர். நீங்க சும்மா தொட்டாப் போதும்.” இந்த ஊர்க்காரி என்றால் திருநீறு மணக்க மணக்க எழுத வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அந்த எரிச்சலில் உட்கார்ந்திருந்தபோதுதான் டப்பா எதிரில் வந்தது. சரி, தொடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

2.

தொடக்கம் ஒன்று:

“பௌர்ணமி நிலவு அண்ணாமலையின் தோளில் ஏறி அமர்ந்தபோது, அந்த முதிய நாய் தன் விழிகளை மெல்லத் திறந்து, ஏதோ ஒரு அழைப்பைக் கேட்டதைப் போல…”

வேண்டாம். நாய் விழியை மெல்லத் திறக்காது. வயிற்று வலி வந்த நாய் சுத்தமாகத் திறக்காது.

தொடக்கம் இரண்டு:

“கொக்கிப்புழு என்பது குடலின் உட்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் ஓர் ஒட்டுண்ணி. அதன் முட்டைகள் மலத்தின் வழியே மண்ணை அடைந்து…”

உண்மை. ஆனால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

தொடக்கம் மூன்று:

பரோட்டா கொஞ்ச நாளாகக் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

இது இருக்கட்டும்.

தார் மாதிரி, பிசுபிசுவென்று, சந்து முனையிலேயே மூக்கைப் பொத்த வைக்கும்படி. பரோட்டா என்பது நாய். பரோட்டா கடைக்குப் பின்னால் கிடந்த குட்டியை, ஆட்டோ ஓட்டும் பரசுராமன் தூக்கி வந்தார். பெயரும் கூடவே வந்தது. இப்போது பதினோரு வயது. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும், மூஞ்சி முழுக்க நரை.

ரமணாசிரமம் தாண்டி, காபி கடைகளுக்கும் வாடகை அறைகளுக்கும் பின்னால் போகிற சந்தில் அவர்கள் வீடு. பரசுராமனின் மனைவி ராணியம்மாள் அந்த அறைகளைப் பெருக்கித் துடைப்பவர். மகள் தென்றல், விலங்கியல் பட்டதாரி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் சிதறிக் கிடக்கும் அவர்கள் சொந்தம் மொத்தத்துக்கும் முதல் டிகிரி. அதே ரோட்டில் ஒரு விடுதியின் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாள். எந்தக் குழாயைத் திருகினால் வெந்நீர் வரும் என்று வெள்ளைக்காரர்களுக்குக் காட்டுவதற்கு அந்த டிகிரி பயன்படுகிறது.

நாய்க்கு இன்னொரு பெயர் உண்டு. ராணியம்மாள் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார். மலையைச் சுற்றி முழு வட்டம், வெறுங்காலோடு. குட்டியாக இருந்த நாளிலிருந்து பரோட்டா கூடவே போகும். அவர் ஒவ்வொரு லிங்கத்திலும் கும்பிட்டு முடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருக்கும், அவர் கிளம்பினால் எழும். இதைப் பார்த்த சனம் சும்மா விடுமா? பைரவர் வலம் வருகிறார் என்றார்கள். காலைத் தொட்டார்கள். கூட நின்று போட்டோ எடுத்தார்கள். அன்னதானத்தில் முதல் தொன்னை அதற்குத்தான். சர்க்கரைப் பொங்கல், கேசரி, சாம்பார் சாதம் என்று விடியும்வரை வரிசையாக உள்ளே போகும். பைரவர் ஒன்றையும் மறுத்ததில்லை.

போன பௌர்ணமிக்குப் போய்த் திரும்பிய நாய் வாசலில் விழுந்தது. மறுநாள் எழவில்லை. கறுப்பாகப் போவதும் நிற்கவில்லை. ராணியம்மாள் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி ஊட்டினார். சந்தில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வயசாயிடுச்சு, உடுங்க என்றும் சொன்னார்கள். தென்றல் அதன் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துக் கிடந்தது. அப்பா சவாரியில் இருந்தார். அவள் டப்பாவைத் தேடினாள்.

மீதி உங்களுக்குத் தெரியும்.

3.

(இந்த இடத்தில் ஒரு குறிப்பு. தென்றல் என்பது நீங்கள்தானா என்று கேட்பீர்கள். பெண் எழுதினால் கேட்பது வழக்கமாகிவிட்டது. இல்லை. அவளுக்கு நாய் பிடிக்கும். எனக்கு நாயைக் கண்டால் எதிர்ப் பக்கம் போகத் தோன்றும். கோபம் மட்டும்தான் பொது, அதுவும் இந்த ஊரில் படித்துவிட்டு வேலை தேடிய எல்லாப் பெண்களுக்கும் இருப்பது.)

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, நாயை உடனே கொண்டுவரச் சொன்னார். பரசுராமன் ஆட்டோவில் சாக்கு விரித்து ஏற்றி வந்தார். டாக்டரம்மா ஈறை அமுக்கிப் பார்த்தார்.

“இது ஈறா, வெள்ளப் பேப்பரா? இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க?”

“வேப்பிலை” என்றாள் தென்றல். “எங்கம்மா விபூதியும் போட்டாங்க.”

“உள்ளுக்கா, வெளிக்கா?”

“ரெண்டும்.”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். கொக்கிப்புழு. வயசான நாயில் இவ்வளவு ஜாஸ்தியாக இருந்தால் ரத்தம் தாங்காது. மாத்திரை, சத்து டானிக், கொஞ்ச நாள் கழித்து மறுபடி மாத்திரை, மறுபடி மலப் பரிசோதனை. குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் மட்டும். பால் கூடாது, இனிப்பு கூடாது. போகிற மலத்தை உடனே அள்ள வேண்டும், இல்லாவிட்டால் புழு மண்ணில் வளர்ந்து, நாய் காலை நக்கும்போது திரும்ப வயிற்றுக்கே வந்துவிடும்.

“மனுஷங்களுக்கும் கால்ல ஏறும். வெறுங்கால்ல நிக்காதீங்க” என்றார்.

“நடக்க வைக்கலாமா மேடம்?” என்று கேட்டது பரசுராமன்.

“ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போக நடக்கட்டும். இருக்கற ரத்தத்துக்கு அதுவே ஜாஸ்தி. மலையெல்லாம் சுத்தக்கூடாது.”

அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் அவருக்குத் தெரியாது.

அதே நேரத்தில் ராணியம்மாள் கோயிலில் இருந்தார்.

4.

வீடு திரும்பிய ராணியம்மாள் வாசலிலேயே கேட்டார். “டாக்டரு இன்னா சொன்னாங்க?”

“வயித்துல கொக்கிப்புழு. ரத்தமே இல்லியாம். அவங்க சொல்றவரைக்கும் சந்து முனையைத் தாண்டக்கூடாதுன்னுட்டாங்க” என்றாள் தென்றல்.

ராணியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்ல.”

“கோயிலுக்குப் போய் இன்னா பண்ணிட்டு வந்த?”

“வேண்டிக்கினேன்.”

“இன்னான்னு?”

“பொழைச்சு எழுந்தா, வர்ற பௌர்ணமிக்கு அதையும் இட்டுனு வலம் வரேன்னு.”

இந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வேறு ஊராக இருந்தால் மொட்டை, கூழ், சேவல் என்று போயிருக்கும். இங்கே எதற்கும் ஒரே காணிக்கை, நடப்பது. பரீட்சை பாஸானால் நடப்பது, குழந்தை பிறந்தால் நடப்பது, வழக்கு ஜெயித்தால் நடப்பது. எதைச் செய்தால் நாய் செத்துவிடும் என்று டாக்டர் சொன்னாரோ, நாய் பிழைத்தால் அதையே செய்வதாகச் சாமியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“வேற எதுவுமே தோணலியா உனக்கு? தேங்கா ஒடைக்கறேன்னு சொல்றதுதானே.”

“தேங்கா எனக்குப் புடிக்கும். அதுக்கு நடக்கறதுதான் புடிக்கும். அதுக்குப் புடிச்சதைத்தானே வேண்டிக்க முடியும்.”

“அதுக்குக் குப்பையைத் திங்கக்கூடத்தான் புடிக்கும்.”

“பேசாதடி. சாமிகிட்ட சொன்னது.”

பரசுராமன் நடுவில் ஒரு வழி சொன்னார். “ஒரு செவ்வாக்கெழமை காலையில கூட்டம் கம்மியா இருக்கும். ஆட்டோல ஏத்தினு ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடறேன். வலம் வலம்தானே.”

“வலம் வரேன்னுதான் சொன்னேன். சவாரி போறேன்னு சொல்லல.”

பரசுராமன் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இந்தக் கதை முழுக்க அவர் செய்வது இதுதான். திருத்திப் பார்த்தேன், வரவில்லை.

ராணியம்மாள் கோயில் குருக்கள் ஏகாம்பரநாதனைக் கேட்கப் போனார். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல். முதல் பிரதியில் அவரை நன்றாக வில்லனாக எழுதியிருந்தேன். தோஷம், பரிகாரம், உருட்டும் கண்கள். எழுத எழுத வந்தது. படித்தால் பொய்யாக இருந்தது. இரண்டாம் பிரதியில் அவரே எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் நல்லவர். அது அதைவிடப் பொய். மூன்றாம் பிரதியில் அவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் படிப்பது அந்தப் பிரதிதான்.

“சாமி, வேண்டுதலை மாத்திக்கலாமா?”

“என்ன வேண்டிண்டேள்?”

“நாயைக் கூட்டினு வலம் வரேன்னு.”

“வேண்டிண்டது நாயா, நீங்களா?”

“நான்தான் சாமி.”

“அப்ப நீங்க நடங்கோ.”

“அதையும் சேத்துச் சொல்லிட்டேனே.”

“அப்ப சேந்து நடங்கோ.”

“டாக்டரு நடக்கக்கூடாதுன்றாங்க.”

“அப்ப நடக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு, “போச்சு, அவனும் அவுட்டு” என்றார், போனைப் பார்த்து.

கெட்டவராகவும் உதவமாட்டேன் என்கிறார், நல்லவராகவும் உதவமாட்டேன் என்கிறார். விட்டுவிட்டேன்.

5.

சிகிச்சை. இதைத்தான் புகழேந்தி சுருக்கச் சொல்வார், சுருக்கமாட்டேன்.

இட்லிக்குள் மாத்திரையை வைத்தால் இட்லி போய்விடும், மாத்திரை தட்டில் துலக்கி வைத்தது போல் கிடக்கும். கோழித் துண்டுக்குள் வைத்தாலும் அப்படியே. மூன்றாம் வருடத்தில் தென்றல் புழுக்களின் உள்ளமைப்பைக் கலர் பென்சிலில் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள். அதைச் சுமந்துகொண்டிருக்கும் பிராணியின் வாயை எப்படித் திறப்பது என்று அந்தக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. கடைசியில் தாடையைப் பிளந்து, நாக்கின் வேரில் மாத்திரையைத் தள்ளி, வாயை மூடிப் பிடித்து, அது விழுங்கும்வரை தொண்டையை நீவிவிட்டாள். பரோட்டா அவளை நம்பிக்கைத் துரோகியைப் பார்ப்பது போல் பார்த்தது.

அது போனபோதெல்லாம் பின்னாலேயே பையோடு போய் அள்ளினாள். அந்த இடத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். எதிர்வீட்டு ஜோதியம்மாள் ஜன்னலில் நின்று தினமும் விசாரித்தார்.

“காலேஜு போனது இதுக்குத்தானா கண்ணு?”

“ஆமாக்கா. நீங்களும் வாங்களேன், ஒரு கை குறையுது.”

நாய் மெல்ல நிற்க ஆரம்பித்தது. சோறு இறங்கியது. கறுப்பு கொஞ்சம் கலைந்தது. அப்போதுதான் தேய்பிறை அஷ்டமி வந்தது.

(தெரியாதவர்களுக்கு: அது பைரவருக்கு உகந்த நாள். மாசம் முழுக்க நாயைக் கல்லால் அடிப்பவர்களும் அன்றைக்கு ஒரு நாயைத் தேடிப் போய் ஊட்டுவார்கள்.)

கிரிவல பைரவர் உடம்புக்கு முடியாமல் இந்தச் சந்தில் படுத்திருக்கிறார் என்று வாட்சப்பில் போய்விட்டது. காலையிலேயே வந்துவிட்டார்கள். பால் பாக்கெட், கிரீம் பன், தயிர் சாதம், வடை மாலை. ஒருவர் ஃபேமிலி பேக் ஐஸ்கிரீமோடு நின்றார். தென்றல் ஒவ்வொருவருக்கும் விளக்கினாள். விளக்கி முடிப்பதற்குள் அடுத்தவர் அட்டை டப்பாவைத் திறந்தார். தொண்டை கட்டிப்போய், ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வாசலில் சாத்தினாள்:

பைரவருக்கு வயிறு சரியில்லை. எதுவும் தர வேண்டாம்.

பரோட்டா என்று எழுதினால் யாருக்கும் புரியாது என்றுதான் பைரவர் என்று எழுதினாள். குளித்துவிட்டு வெளியே வந்தாள். அட்டைக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே சாமந்திச் சரம். கீழே எலுமிச்சம்பழம், இலையில் ஒரு நெய் விளக்கு. ஒரு அம்மா கைகூப்பி நின்று, கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, சாமிக்கே வயிறு சரியில்லையாம். நம்ம வலியையெல்லாம் அது வாங்கிக்கிது.”

அட்டைக்குப் பின்னால் பைரவர் கிரீம் பன் தின்றுகொண்டிருந்தார்.

மத்தியானத்திலிருந்து தண்ணீராகப் போனது. அதில் மறுபடி கறுப்பு. நிற்க ஆரம்பித்த நாய் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தென்றல் அட்டையை எடுத்துத் திருப்பி மறுபக்கத்தில் எழுதினாள்:

இந்த நாய்க்குக் கொக்கிப்புழு. அது இந்த மண்ணில் இருக்கலாம். வெறுங்காலோடு நின்றால் உங்கள் காலிலும் ஏறும்.

சந்து காலியானது. ஐஸ்கிரீம்காரர் நுனிக்காலில் தாவித் தாவிப் போனார். தென்றலுக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. மறுநாள் அந்தச் சிரிப்பும் போயிற்று. யாரோ அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ராணியம்மாள் பெருக்கப் போகிற இடங்களில் இரண்டு வீட்டில், கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ராணியம்மாள் திரும்பி வந்து, துடைப்பத்தை மூலையில் வைத்தார். கத்தவில்லை.

“நாய்க்குப் பூச்சின்னு எழுதலடி நீ. எனக்குப் பூச்சின்னு எழுதி வச்சிருக்க.”

6.

இதுவரை படித்துவிட்டுப் புகழேந்தி போன் செய்தார்.

“நல்லா போகுது மேடம். ஆனா அம்மா கேரக்டர் கொஞ்சம் மூடநம்பிக்கையா வருதே. பொண்ணு அவங்களைத் திருத்தற மாதிரி வச்சுக்கலாமா? வாசகர்களுக்கு ஒரு மெசேஜ் போகும்.”

ராணியம்மாளைத் திருத்த இவர் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே சமயம், அந்த அம்மா ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தென்றலையே கேட்க வைத்தேன்.

“நீ மட்டும் போயேம்மா. யாரு வேணான்றது? நாயி நல்லானதும் அது கணக்கை அது நடந்துக்கும்.”

“தனியாவா.”

“லட்சம் பேரு போறாங்க. தனியாவாம்.”

“லட்சம் பேருல தனியா நடந்து பாத்திருக்கிறியா நீ?” ராணியம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். நாய்க்கு, கோழியும் சோறும். “எங்கம்மா தனியா போற, வூட்டுக்காரரு வரலியான்னு ஒருத்தன் கேப்பான். ஒருத்தன் ஒரசினு போவான். கால் வலிக்குதுன்னு ஒக்காந்தா, ரூம் இருக்குது வரியான்னு கேட்டான் ஒரு பொறுக்கி, இது நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு முன்னால. இது கூட வந்ததுலேந்து ஒருத்தன் கிட்ட வந்ததில்ல. மாசத்துல ஒரு நாளு எவன் ரூமையும் பெருக்காம நான் பாட்டுக்கு நடக்கறேன். எவனும் கூப்டமாட்டான், எவனுக்கும் பதில் சொல்ல வேணாம். அது என்னை ஒண்ணும் கேக்காது. நானும் அதைக் கேக்கமாட்டேன்.”

தென்றல் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைத்தாள். பிறகு, “என்னைக் கூப்டறதுதானே” என்றாள்.

“கூப்ட்டேன். பிளஸ் டூ படிக்கறப்போ. மலையைச் சுத்துனா மார்க்கு வருமான்னு கேட்ட.”

(இங்கே தென்றல் அழுவதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. நாயின் தட்டை எடுத்துக் கழுவப் போனாள். “அதுக்கு உப்பு போடாத” என்று போகிற போக்கில் சொன்னாள்.)

7.

பௌர்ணமி நெருங்கியது. மறுபடி மாத்திரை. இந்த முறை தாடையைப் பிடித்தது ராணியம்மாள், தள்ளியது தென்றல். பரோட்டா தானாக எழுந்து வாசல் வரை போய் வந்தது. ஈறு பழுக்கிற கொய்யாவின் உட்புறம் போல் லேசாகச் சிவந்தது. தென்றல் மறுபடி டாக்டரம்மாவிடம் போய் வந்தாள். புழு முட்டை இன்னும் இருக்கிறது, ஆனால் கம்மி. ரத்தம் ஊற இன்னும் ஒரு மாசம் ஆகும், அதுவரை நடக்கக் கூடாது, நடுவில் மயங்கி விழுந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இப்போது நான் முடிக்க வேண்டும்.

முடிவு அ. புகழேந்திக்கு வேண்டியது. நாய் நடக்கிறது. ஒவ்வொரு லிங்கத்திலும் அதன் நடை தெளிகிறது. சுற்றி முடித்ததும் புழு இல்லை, டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார். இதை எழுதினால் சிறப்பிதழில் வரும். அடுத்த பௌர்ணமிக்கு இந்த மாவட்டத்தில் எத்தனை நாய்கள் மாத்திரை இல்லாமல் மலை சுற்றிச் சாகும் என்று புகழேந்தி எண்ணிச் சொல்வாரா?

முடிவு ஆ. நாய் நடக்கிறது. வருண லிங்கத்துக்கு முன்னால் கால் மடங்குகிறது. ராணியம்மாள் அதை மடியில் போட்டுக்கொண்டு… இதை நான் ஒரே மூச்சில் எழுதினேன், அவ்வளவு சுலபமாக வந்தது. தென்றல் சொன்னது எல்லாம் சரி என்று நிரூபணமாகிவிடும். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். அம்மாவிடம் வாதத்தில் ஜெயிப்பதற்காக ஒரு நாயைக் கொல்ல எனக்கு மனசில்லை.

முடிவு இ. நாய்க்குப் பதிலாகத் தென்றல் அம்மாவோடு நடக்கிறாள். நீங்கள் இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்? நானும்தான். ஆனால் வீட்டில் யார் நாயைப் பிடித்துக்கொண்டு இருப்பது? பௌர்ணமியன்று ஆட்டோக்காரர் வீட்டில் இருக்கமாட்டார். கட்டிப்போட்டு விட்டுப் போனால் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வரும், போன வருடம் வந்தது. ஜோதியம்மாளிடம் விட்டால் பால் ஊற்றுவார். இது எதையும் தீர்க்காமல் இவர்கள் இருவரையும் கைகோத்து நடக்கவிட்டால் அது விளம்பரப் படம்.

அதனால் சாயங்காலத்தை மட்டும் எழுதுகிறேன்.

8.

வெயில் இறங்கிவிட்டது. சந்து முனையில் சனம் போகிற சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. ராணியம்மாள் தலை சீவி, வேறு புடவை கட்டி, தண்ணீர் பாட்டிலோடு வாசலுக்கு வந்தார். வெறுங்கால். பாட்டிலைப் பார்த்ததும் பரோட்டா எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டது. வால் ஆடியது. இத்தனை நாள் கழித்து முதல்முறையாக ஆடிய வால், ஆடக்கூடாத நேரத்தில் ஆடியது.

“பாரு” என்றார் ராணியம்மாள். “நானா கூப்ட்டேன்? அதுவே கெளம்புது.”

தென்றல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். “அது வீட்டுல தீ புடிச்சாக்கூட வால் ஆட்டும்.”

“நிருதி லிங்கம் வரைக்கும். கிட்டத்தான். போய்த் திரும்பிடறோம்.”

“முழுசாச் சுத்தறேன்னு வேண்டிக்கிட்டு, காவாசி சுத்தினா சாமி ஒத்துக்குமா? அதுக்கு வண்டியில போனாலும் ஒத்துக்கும்.”

“அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?”

தென்றல் மலைப் பக்கம் பார்த்தாள். “நீ நட. நான் வரேன். இதை அப்பா வர்றவரைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுல யார்கிட்டயாவது…”

“யாருகிட்ட?”

தென்றல் செருப்பை மாட்டினாள்.

“இன்னா செருப்பு?”

“மண்ணு பூரா நாய் போயிருக்கு. செருப்பு இல்லாம நான் வரமாட்டேன்.”

“செருப்பு போட்டுக்கினு கிரிவலமா? அதுக்கு வராமலே இரு.”

“அப்ப வரல.”

“வராத.”

“அப்ப நாயும் வராது.”

“அது உன் நாயா?”

“நீ அள்ளுனியா, நான் அள்ளினேனா?”

இதற்கு ராணியம்மாள் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் பரோட்டா, இவர்களுக்கு நடுவிலிருந்து நகர்ந்து, வாசலோரச் செம்பருத்தி அடியில் போய் முதுகை வளைத்தது.

இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு ஓடினார்கள். தென்றல் போனில் டார்ச்சைப் போட்டாள். ராணியம்மாள் மாற்றிக் கட்டிய புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு குத்துக்காலிட்டார். இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்தன. அந்தப் பக்கம் ரோட்டில் சனம் சிவசிவ என்று போய்க்கொண்டிருந்தது.

“கெட்டியா இருக்குது” என்றார் ராணியம்மாள்.

“ம்.”

“கறுப்பு இல்ல.”

“இந்த ஓரத்துல பாரு.”

“அது கோழித் தோலு.”

“தோலு குடுத்தியா நீ?”

“ஒரு துண்டுதாண்டி. நல்லா கெட்டியா வந்திருக்குதுல்ல? குச்சி குடு.”

தென்றல் குச்சி கொடுத்தாள். அம்மா கிளறிப் பார்த்தார். மகள் டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தாள். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இரண்டு முகமும் இருந்தன. யார் சொன்னது சரி என்ற பேச்சு அங்கே இல்லை. இந்தக் கதையில் நான் திட்டமிட்டு எழுதியதிலெல்லாம் இவ்வளவு நெருக்கமாக இவர்கள் உட்காரவில்லை.

டார்ச்சைப் பிடிக்க வேண்டியிருந்ததால் தென்றல் சங்கிலியை விட்டிருந்தாள்.

பரோட்டா இப்போது சந்தில் பாதி தூரம் போய்விட்டது. அவசரமில்லாமல், ஒரு காது மடிந்து, சங்கிலி பின்னால் இழுபட. வழி அதற்குத் தெரியும். சங்கிலி உரசும் சத்தத்தைக் கேட்டு இருவரும் ஒரே சமயத்தில் எழுகிறார்கள். யார் முந்தினார் என்று மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். புகழேந்தி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை.

நாய் ரோட்டுக்கு வந்துவிட்டது. நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள், கூட்டத்தோடு, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு. அது உங்கள் பக்கம்தான் வருகிறது. முதலில் அந்த பிஸ்கட்டை உள்ளே வையுங்கள். சங்கிலியை மிதித்து நிறுத்துங்கள். சந்திலிருந்து இரண்டு பேர் ஓடி வருகிறார்கள், ஒருத்தி செருப்போடு, ஒருத்தி செருப்பில்லாமல். இரண்டு பேரும் கை நீட்டுவார்கள். யார் கையில் கொடுக்கிறீர்கள் என்பதை நான் நின்று பார்க்கப் போவதில்லை.